பாதியில் தூங்கிப்போகும் படங்கள்

இரவு பத்து மணிக்குமேல் பல வீடுகளில் புதுப் படம் ஓடுவதில்லை. ‘பஞ்சதந்திரம்’, ‘வசூல்ராஜா’, ‘மைக்கேல் மதன காமராஜன்’ என்று மனப்பாடமான ஒன்றைப் போட்டுவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். இதைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. அடுத்து என்ன நடக்கும் என்ற பதைப்பு இல்லாத கதையில் உடம்பு தானாகத் தளர்கிறது. நாளெல்லாம் முடிவெடுத்தே களைத்தவர்களுக்கு, எதைப் பார்ப்பது என்று தேடாமலிருப்பதே பாதி ஓய்வு.

ஆனால் எல்லா நகைச்சுவைப் படமும் இதற்கு உதவாது. 2001-இல் வந்த ‘பிரண்ட்ஸ்’ படத்தில் நேசமணியின் தலையில் சுத்தியல் விழும் காட்சிக்கு வடிவேலுவின் முகத்தைப் பார்த்தே ஆகவேண்டும். 1990 தீபாவளிக்கு வந்த ‘மைக்கேல் மதன காமராஜன்’ அப்படியல்ல. வசனம் எழுதிய கிரேசி மோகன் நாடக மேடையிலிருந்து வந்தவர். ஒருவர் சொன்னதை மற்றவர் வேறாகப் புரிந்துகொள்ள, அதற்கு மூன்றாமவர் பதில் சொல்ல, குழப்பம் பேச்சிலேயே வளர்கிறது. சமையல்காரர் காமேஸ்வரனின் பாலக்காட்டுத் தமிழ் ஒன்று போதும், நான்கு வேடக் கமல்ஹாசனில் யார் பேசுகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். சாம்பாரில் மீன் விழுந்த பிறகு பந்தியில் நடக்கும் கலவரத்தை நம்மில் பலர் காதால்தான் பார்க்கிறோம்.

உறுத்துவது வேறொன்று. பழக்கம் நம் விமர்சனப் புத்தியையும் சேர்த்தே தூங்கவைத்துவிடுகிறது. ‘பஞ்சதந்திர’த்தில் மேகி இறந்துவிட்டதாக நம்பும் ஐந்து நண்பர்கள் உடலை அப்புறப்படுத்த அலைவதுதான் சிரிப்பு. அவள் பாலியல் தொழில் செய்பவள் என்பதால் அவளுக்காக ஒரு நொடித் துக்கம்கூடப் படத்துக்குத் தேவைப்படவில்லை. மனைவிகளிடம் சொல்லும் பொய்கள் எல்லாம் சாமர்த்தியக் கணக்கில் சேர்கின்றன. புதிதாக இன்று ஒருவர் இப்படி எடுத்தால் கேள்வி கேட்போம். பலமுறை பார்த்துவிட்டதால் கேட்கத் தோன்றுவதில்லை. கவுண்டமணி செந்திலின் உருவத்தைச் சொல்லித் திட்டும் காட்சிகளுக்கும் இதே சலுகையைத்தான் தருகிறோம்.

தூக்கத்துக்கும் இந்தப் பழக்கம் முழு நன்மை அல்ல. திரையின் வெளிச்சம் தூக்கத்தைத் தள்ளிப்போடும். நடுவில் அலறும் விளம்பரம் எழுப்பிவிடும். ஒலியை மட்டும் குறைவாக வைத்து, டைமர் போட்டுக்கொள்வது நல்லது. படம் ஓடாமல் தூக்கமே வராது என்ற நிலை வந்தால், சில நாள் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

மொத்தத்தில் இந்தப் பழக்கத்தை நான் ஆதரிக்கிறேன். ஆனால் படுத்துக்கொண்டே பார்க்கிறவர்களுக்கு ‘மைக்கேல் மதன காமராஜன்’ படத்தின் கடைசி அரைமணி நேரம் எட்டுவதே இல்லை. மலை விளிம்பில் வீடு சாய்ந்தாட, நால்வரும் ஒன்றுசேரும் அந்த முடிவு, சாப்ளினின் ‘தி கோல்ட் ரஷ்’ படத்தை நினைவூட்டுவது. இயக்குநர் சிங்கீதம் சீனிவாச ராவ் கட்டிய அந்தக் காட்சியைக் காதால் மட்டும் வாங்க முடியாது. ஒரு விடுமுறைப் பகலில், உட்கார்ந்து, கடைசிவரை பாருங்கள்.