கம்மாபுரத்துக்கு எந்த வண்டி?

புது வண்டி எடுத்தவரிடம் ஊரில் முதலில் கேட்பது "மைலேஜ் எவ்வளவு?" என்றுதான். 100 சிசியை ஒட்டிய வண்டிகளுக்குள் தேர்ந்தெடுக்க இந்தக் கேள்வி அவ்வளவாக உதவாது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கம்மாபுரத்திலிருந்து நெய்வேலி சுரங்க வேலைக்கோ விருத்தாசலத்துக்கோ தினமும் போய்வருபவர் நாளுக்கு 30 கிலோமீட்டர், ஆண்டுக்கு 300 நாள் ஓட்டினால் 9,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 60 கொடுக்கும் வண்டிக்கு 150 லிட்டர் பெட்ரோல் வேண்டும். 70 கொடுக்கும் வண்டிக்கு ஏறக்குறைய 129. லிட்டர் 100 ரூபாய் என்றால் ஆண்டுக்கு மிச்சம் 2,100 ரூபாய். அதே ஆள் 70,000 ரூபாய் கடனை 12 சதவீத ஃபிளாட் வட்டியில் மூன்று வருட டியூவாகக் கட்டினால் வட்டி மட்டுமே 25,200. பத்துக் கிலோமீட்டர் மைலேஜுக்காக ஷோரூம் ஷோரூமாக அலைகிறவர்கள் வட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்துப் போடுவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

இனி வண்டிகள். ஸ்ப்ளெண்டர் பிளஸ், எச்.எஃப். டீலக்ஸ் இரண்டிலும் இருப்பது 97.2 சிசி எஞ்சின், நான்கு கியர். ஸ்ப்ளெண்டருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி 1994 முதல் சேர்ந்துவந்த பேருக்குப் போகிறது. விற்கும்போது நல்ல விலை வரும் என்பது உண்மை. ஆனால் பத்து வருடம் ஓட்டப்போகிறவருக்கு அதனால் என்ன பயன்? சிக்னலில் எஞ்சினைத் தானே நிறுத்தும் வசதியும் சிக்னலே இல்லாத ஊர்ப் பாதையில் வேலைக்கு ஆகாது. டிஸ்க் பிரேக் உள்ள வகைக்கு மட்டும் கூடுதல் பணம் தகும். லாரிகளுக்கு நடுவே இரவு ஷிப்ட் முடித்து வருகிறவருக்கு அது ஆடம்பரம் இல்லை.

ஹோண்டா ஷைன் 100 வெறும் 99 கிலோ. சேற்றில் இறங்கித் தள்ளினால் அந்த எடைக்குறைவு தெரியும். பெட்ரோல் பம்ப் டேங்குக்கு வெளியே இருப்பதால் மெக்கானிக்குக் கை வைப்பது சுலபம். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்த பிறகு கார்புரேட்டர் போய், பம்ப் வைத்துப் பெட்ரோலைச் செலுத்தும் முறை வந்துவிட்டது. பம்ப் டேங்குக்குள் இருக்கும் வண்டிகளை எப்போதும் ரிசர்வில் ஓட்டினால் பம்ப் சூடாகிக் கெடும். ஐம்பது ரூபாய்க்குப் போட்டுப் போட்டு ஓட்டும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது.

தரையிலிருந்து ஸ்ப்ளெண்டரின் அடிப்பாகம் 165 மி.மீ. உயரம்; பிளாட்டினா 110-க்கு 200. குண்டும் குழியுமான பாதையில் பின்னால் மனைவி, பிள்ளையோடு போகும்போது பிளாட்டினாவின் ஷாக்கப்சரைத்தான் முதுகு கேட்கும். ஆனால் அதன் சீட் 807 மி.மீ. உயரம் என்பதால் குட்டையானவர்களுக்குக் கால் எட்டாது. உட்கார்ந்து பார்க்காமல் வாங்காதீர்கள்.

வயலுக்கு மட்டும் வண்டி வேண்டுமென்றால் பேச்சே இல்லை, எக்ஸ்.எல். 100 தான். 45 கிலோ யூரியா மூட்டையைக் காலுக்கு முன்னால் வைத்துக்கொண்டு போக இங்கே சொன்ன வேறு எந்த வண்டியிலும் இடம் கிடையாது. ஆனால் டேங்க் 4 லிட்டர், சக்கரம் சிறிசு. லாரி உரசிப் போகும் நெடுஞ்சாலையில் அதைத் தினமும் ஓட்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எதை எடுத்தாலும் செயினைப் பாருங்கள். நிலக்கரித் தூசியும் ஐப்பசிச் சேறும் கலந்து எண்ணெய்ப் பிசுக்கில் அப்பினால் அது உப்புத்தாள் மாதிரி பல்சக்கரத்தைத் தேய்த்துவிடும். முழுக்க மூடிய செயின் கவர் இருப்பது ஸ்ப்ளெண்டர், எச்.எஃப். வண்டிகளுக்குப் பெரிய பலம்.

என் தீர்ப்பு இதுதான். தார்ச்சாலையில் வேலைக்குப் போய்வர, செல்ஃப் ஸ்டார்ட் உள்ள எச்.எஃப். டீலக்ஸ்; உதிரிபாகம் எங்கும் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் பிரிப்பார். பாதி வழி மண்பாதை என்றால் பிளாட்டினா 110. இரவு ஷிப்டுக்காரர் மட்டும் கூடப் பணம் போட்டு டிஸ்க் பிரேக் உள்ள ஸ்ப்ளெண்டரை எடுக்கட்டும். முன்பணத்தை முடிந்தவரை அதிகமாகக் கட்டுங்கள். வண்டியோடு நல்ல ஹெல்மெட் ஒன்றும் வாங்கிவிடுங்கள்.