சனையாவில் இரண்டு யானைகள்

சிரிக்கிறவங்க இப்பவே சிரிச்சு முடிச்சுடுங்க. எனக்கு வயசு 46. சாரம் கட்டுற வேலை. ஊர்ல கல்யாண வயசுல பொண்ணு இருக்கா. அப்படிப்பட்ட நான் போன வெள்ளிக்கிழமை ராத்திரி ரெண்டு மணிக்கு கட்டில்ல சம்மணம் போட்டு உட்கார்ந்து, "அந்தப் பழத்தை எடுடா, எடுத்துத் தொலைடா!" என்று ஒரு யானையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தேன். பக்கத்து ரூம்காரர்கள் சுவரைத் தட்டினார்கள். தட்டட்டுமே!

தோஹா தொழில்பேட்டையை நாங்க யாரும் அந்தப் பேரால கூப்பிடுறதில்லை, எங்களுக்கு அது சனையா. இங்கே ஒருத்தனுக்கு சர்க்கரை இருக்குன்னு தெரிய வர்ற விதமே தனி. என் ரிப்போர்ட்டில் 11.8 என்று போட்டிருந்தது. ஊர்ல எல்லாரும் 180, 200 என்று புலம்புவாங்களே, நமக்கு வெறும் பதினொண்ணுதானே என்று சந்தோஷமா வெளியே வந்து, ஏலக்காய் மணக்க மணக்க ஒரு கடக் சாயா வாங்கி, அடியில தங்கின சர்க்கரையையும் விரலால வழிச்சுக் குடிச்சேன். இங்கே கணக்கு வேற, பதினெட்டால பெருக்கினாத்தான் நம்ம ஊர்க் கணக்கு வரும் என்று ரெண்டு நாள் கழிச்சு ஒருத்தர் சொன்னார். பெருக்கினேன். 212. அன்னைக்கு ராத்திரி குபூஸ் ரொட்டி தொண்டையில இறங்கலை.

அப்புறம் மாத்திரை. ஒரு தாள் கொடுத்தார்கள், தட்டு படம் போட்டு, பாதி காய், கால்வாசி சோறு. மடிச்சுத் தலையணை அடியில வெச்சேன். அது அங்கேயே தூங்கியது.

என்னை எழுப்பினது எங்க ரூம் புதுக்கோட்டைத் தம்பியின் பழைய லேப்டாப். "அண்ணே, உங்களுக்குன்னே ஒரு கேம் இருக்குண்ணே" என்றான். பேரு 'பேக்கி அண்ட் மார்லன்'. 1995-ல் சூப்பர் நின்டெண்டோவுக்கு வந்த ஆட்டம். பேக்கியும் மார்லனும் ரெண்டு யானைப் பிள்ளைகள், ரெண்டு பேருக்குமே சர்க்கரை. கோடை முகாமுக்குப் போறாங்க, அங்கே எலிக்கூட்டம் புகுந்து சாப்பாட்டையும் மருந்துப் பொருளையும் சூறையாடிடுது. அதை மீட்கணும், நாலு நாள் முகாமையும் ஓட்டணும். முகாம்! கேம்ப்! நெஞ்சுல கை வெச்சுச் சொல்லுங்க, லேபர் கேம்ப்புல, எலி ஓடுற ரூம்ல கிடக்கிற ஒரு சர்க்கரைக்காரனுக்கு இதைவிடப் பொருத்தமா கதை எழுத முடியுமா?

நினைச்சுப் பாருங்க: ஜூலை மாச வெக்கை, விண்டோ ஏசி கடகடன்னு அடிச்சுக்குது, வெளியே டிரெய்லர் உறுமுது, யாரோ பருப்பைத் தீய விட்ட வாசனை, எண்ணெய் பிசுக்கேறின கீபோர்டுல என் விரல், யானை ஓடுது, தாவுது, எலி துரத்துது, இந்த வேளைக்கு இவ்வளவு மாவுப் பண்டம், இவ்வளவு பழம் என்று திட்டம் இருக்கு, நான் நம்ம கல்யாணப் பந்தி பழக்கத்துல கண்ணுல பட்டதையெல்லாம் வாரிப் போட்டுக்கிட்டே போறேன், போச்சு, சர்க்கரை ஏறிருச்சு, யானை காலி! மறுபடி ஆட்டம். இப்ப பயந்து எதையுமே எடுக்கலை, சர்க்கரை இறங்கி மறுபடியும் காலி! அடப்பாவி, சாப்பிட்டாலும் தப்பு, சாப்பிடலைன்னாலும் தப்பா? ஆமாம், அதுதான் விஷயம். ஆறு மாசமா அந்தத் தாள் சொன்னது இதைத்தான், என் மண்டையில ஏறினது இப்பத்தான். என் உடம்பு செஞ்ச தப்பைப் பத்து வருஷம் கழிச்சுக் கண்ணுலயோ கால்லயோ காட்டும், இந்த யானை பத்தே நிமிஷத்துல காட்டிருச்சு!

கண்ணூர் இக்கா வந்தது அப்பத்தான். டிரெய்லர் ஓட்டுறவர், எங்க ரூமுக்கே பெரியவர், அதிகம் பேசமாட்டார். இந்த ஆட்டத்தை ரெண்டு பேர் சேர்ந்து ஆடலாம். "இக்கா, நீங்க மார்லன்" என்று பக்கத்துல உட்கார வெச்சோம். கொஞ்ச நேரத்துல திரையில இன்சுலின் எவ்வளவு என்று கேள்வி வந்தது. தம்பி முழிக்கிறான், நான் முழிக்கிறேன். இக்கா பட்டுன்னு சரியாச் சொன்னார். அடுத்த தடவையும் சொன்னார். அதுக்கடுத்தும்! "இக்காவுக்கு எப்படித் தெரியும்?" என்று தம்பி கேட்டான். அவர் ஒண்ணும் பேசலை. எழுந்து போய் ஃபிரிட்ஜைத் திறந்து, மூணு வருஷமா நாங்க மாங்காய் ஊறுகாய் என்று நினைச்சுக்கிட்டிருந்த டப்பாவைக் கொண்டு வந்து நடுவுல வெச்சார். உள்ளே துணியில சுத்தின இன்சுலின் பேனா. விஷயம் வெளியே தெரிஞ்சா வேலை போயிடும் என்று பாத்ரூம்ல பூட்டிக்கிட்டுப் போட்ட மனுஷன், ஒரு யானை எல்லார் முன்னாடியும் கூச்சமில்லாம இருக்கிறதைப் பார்த்துட்டு, அன்னைக்கு எங்க முன்னாடி சட்டையைத் தூக்கி வயித்துல குத்திக்கிட்டார். எனக்குக் கண்ணு முட்டிருச்சு, தம்பி ஏன்னே தெரியாம கை தட்டினான், நானும் தட்டினேன், இக்கா "போதும்டா, எலி வருது பாரு" என்று கீபோர்டை இழுத்துக்கிட்டார்.

இது எங்க ரூம்ல மட்டும் நடந்த அதிசயம் இல்லையாம். கலிபோர்னியாவுல 8 முதல் 16 வயசு வரை உள்ள 59 சர்க்கரைப் பிள்ளைகளை வெச்சு ஆறு மாசம் சோதிச்சிருக்காங்க, 1997-ல் முடிவு வந்தது. பாதிப் பேருக்கு இந்த யானை ஆட்டம், மீதிப் பேருக்கு சாதாரண 'பின்பால்' வீடியோ கேம். யானை ஆடின பிள்ளைகள் அவசரமா டாக்டர்கிட்ட ஓடுறது 77 சதவீதம் குறைஞ்சிருக்கு. நான் தம்பியைத் திரும்ப வாசிக்கச் சொன்ன வரி வேற: அந்தப் பிள்ளைகள் தங்களோட சர்க்கரையைப் பத்தி அப்பா அம்மாகிட்ட முன்னைவிட அதிகமாப் பேசினாங்களாம். ஊறுகாய் டப்பாவைப் பார்த்தேன். எனக்கு வேற சாட்சி எதுக்கு?

குறை இருக்கு, ஒத்துக்கிறேன். அந்த ஆட்டம் இன்சுலின் போடுற சின்னப் பிள்ளைகளுக்குச் செஞ்சது. எனக்கு மாத்திரைதான், அதை விடவும் கூடாது. அதுல இட்லி இல்லை, பரோட்டா இல்லை. போதுமா? சரி, விஷயத்துக்கு வாங்க.

இந்த யானை ஆட்டத்துக்கு முன்னால 1992-லேயே 'கேப்டன் நோவோலின்' என்று ஒண்ணு வந்திருக்கு. அதுல ஹீரோவுக்கு சர்க்கரை, எதிரிகள் எல்லாம் தின்பண்டம்! திரையில ஒரு டோனட் எகிறி வரும்போது நான் ஜாங்கிரியை நினைச்சுக்கிட்டேன். பின்னாடி பேயர் கம்பெனி ரத்தம் சோதிக்கிற மீட்டரையே நின்டெண்டோவுல செருகற மாதிரி செஞ்சது, ஒழுங்கா சோதிச்சா ஆட்டத்துல பரிசு. அடிக்கடி மீட்டரைத் தொலைச்சாலும் கேம்பாயை மட்டும் தொலைக்காத ஒரு பையனின் அப்பாவுக்குத் தோணின யோசனையாம் அது. நம்ம சென்னை டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு ஆட்டம்கூட இல்லாம வெறும் எஸ்எம்எஸ்ஸை வெச்சே சாதிச்சிருக்கு. சர்க்கரை வர்ற விளிம்புல இருந்த, வேலைக்குப் போற 537 ஆண்களை ரெண்டு வருஷம் பார்த்தாங்க. போன்ல செய்தி வந்தவங்கள்ல 18 சதவீதம் பேருக்குத்தான் சர்க்கரை வந்தது, செய்தி வராதவங்கள்ல 27 சதவீதம். 2013-ல் லான்செட் குழுமப் பத்திரிகையில வெளியானது. எங்களை மாதிரி ஆம்பளைகள்! ஒரு குட்டிச் செய்திக்கே இந்தப் பலன்னா, சாரத்துல ஓடி ஏறி மெஸ்ஸுல சரியான தட்டைப் பிடிக்கிற ஒரு சனையா ஆட்டத்தைத் தமிழ், மலையாளம், நேபாளியில யாராச்சும் செஞ்சா? ஐயோ, முதல் நாளே நான் வரிசையில நிப்பேன்!

இப்ப சாயாக்கடையில மூணு சுலைமானி டீ, சர்க்கரை இல்லாம. இக்கா டூட்டிக்கு எனக்கு முன்னாடியே கிளம்பிடுவார். இன்னைக்கு விடியக்காலை மூணே முக்காலுக்கு என் போன் அதிர்ந்தது. வாட்சாப்புல அவர் குரல், பின்னாடி லாரி என்ஜின்: "பேக்கீ, ஷுகர் நோக்கியோ?"

விரலைக் குத்திப் பார்த்து 6.9 என்று அனுப்பினேன். கூடவே ரெண்டு யானைப் படம்.