தாய்மொழிக் கணக்கும் அளவீட்டின் ஏற்புடைமையும்

மீண்டும் அளப்பினும் ஒரே விடை தருவது நம்பகம்; அளக்கக் கருதியதையே அளப்பது ஏற்புடைமை. 2011ஆம் ஆண்டின் இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, குழந்தைப் பருவத்தில் தாய் தம்மிடம் பேசிய மொழியைத் தாய்மொழி என வரையறுத்தது. வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பள்ளியில் ஆங்கிலமும் வழங்கும் பெங்களூர்க் குடும்பம் ஒன்று, எத்தனை முறை வினவினும் ‘தமிழ்’ என்றே விடையிறுக்கலாம். அவ்விடை நம்பகமானது, ஆயின் மரபைச் சுட்டுமேயன்றி வழக்கின் அளவைச் சுட்டாது. பிறமொழி பற்றிய வினாவும் அறிவையே கேட்டது, பயன்பாட்டை அன்று. தொகுப்பும் ஓர் அளவீடே: 19,569 விடைகளிலிருந்து 1,369 தாய்மொழிகள் ஒழுங்குபடுத்திப் பெறப்பட்டன, அவற்றுள் பத்தாயிரவர்க்குக் குறையாதோர் பேசிய 270 மட்டும் 121 மொழிகளின்கீழ்த் தனித்தனியே காட்டப்பட்டன. இவ்வெண்களைக் கொண்டே பயிற்றுமொழியை முடிவுசெய்தல் பொருந்தாது. வழக்குச் சூழல்களைத் தனியே ஆராய்தல் வேண்டும். கலைச்சொல்லாக்கத்திலும் இது கருதத்தக்கது. ‘செல்லுபடி’ என்பது செல்லத்தக்கதாதலைக் குறிக்கும். ‘ஏற்புடைமை’யோ ‘எதற்கு ஏற்றது?’ என்னும் வினாவை உடன் எழுப்பும்.