கார்த்திகைப் பெண்களின் வீட்டை ரசிப்பது எப்படி?

ஆகாயத்தில் நமக்கு வேண்டியவர்கள் குடியிருக்கிறார்கள் என்னும் எண்ணம் நம் ஜனங்களுக்குப் புதிதன்று. வடதிசையில் ஏழு ரிஷிகளும், அவர்களுள் வசிஷ்டருக்குப் பக்கத்தில் அருந்ததியும், இடம் பெயராத ஆசனத்தில் துருவனும் வாழ்கிறார்கள் என்று சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இவர்கள் எல்லோரையும்விடத் தமிழர் மனத்துக்கு நெருக்கமானவர்கள், சரவணப் பொய்கையில் தாமரை மீது கிடந்த ஆறு குழந்தைகளை எடுத்துப் பாலூட்டி, அறுவரும் ஒருவனாகிப் பின்னாளில் பழனியாண்டவனாக நின்ற அந்தப் பிள்ளைக்குக் கார்த்திகேயன் என்று தங்கள் பெயரையே கொடுத்துவிட்டு, மறுபடியும் வானத்துக்கே திரும்பிய ஆறு தாய்மார்கள். அவர்கள் குடியிருக்கும் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தில் மேல்நாட்டிலும் ஆள் தேடியவர்கள் உண்டு. 1970களில் சுவிட்சர்லாந்துக்காரர் ஒருவர், அங்கிருந்து வேற்றுலகவாசிகள் வான்கலம் ஏறித் தம்மிடம் வந்து போவதாகச் சொல்லிப் பலரை நம்பச் செய்தார். அந்த விருந்தாளிகளைவிட நம்முடைய தாய்மார்களே எனக்கு உயர்வாகத் தோன்றுகிறார்கள். அவர்கள் யாருக்கும் எச்சரிக்கை விடவில்லை, எந்த ரகசியத்தையும் உபதேசிக்கவில்லை, அழுத குழந்தைகளின் பசியைத் தீர்த்தார்கள்.

அவர்களுடைய வீட்டைப் பார்ப்பதற்குப் பழனி மலைத்தொடரைக் காட்டிலும் பொருத்தமான ஸ்தலம் இல்லை. இதற்குப் பக்தி மட்டும் காரணமன்று. அந்த மலைத்தொடரின்மேல் உள்ள கொடைக்கானல் ஏறக்குறைய 10 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. கார்த்திகைக் கூட்டம் வான நடுக்கோட்டுக்கு 24 பாகை வடக்கே இருக்கிறது. ஆகையால் அது உச்சத்துக்கு வரும்போது நம் தலைக்கு நேர்மேலிருந்து 14 பாகை மட்டும் வடக்கில் நிற்கும். பழனி நகரமும் கொடைக்கானலுக்கு வடக்கே அடிவாரத்தில்தான் இருக்கிறது. இலங்கைத் தலைவர் சர் பொன்னம்பலம் இராமநாதனின் துணைவியார் 1936இல் கொடைக்கானலில் எழுப்பிய குறிஞ்சியாண்டவர் கோயிலின் பக்கம் நின்று, கீழே பழனியை நோக்கி ஒரு முறை பார்த்துவிட்டு அப்படியே அண்ணாந்தால், மகனுடைய ஊரும் தாய்மாருடைய வீடும் ஒரே திசையில் இருப்பது விளங்கும்.

எப்போது போவது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கார்த்திகை தீபத்தன்றே கார்த்திகை நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுவது இயல்பே. ஆனால் பூரணச் சந்திரன் அந்த நட்சத்திரத்தை ஒட்டி நிற்கிற நாளே தீபத் திருநாளாதலால், அன்று நிலவின் பிரகாசத்தில் தாய்மார்கள் முகம் மங்கிப் போகிறார்கள். அதோடு வடகிழக்குப் பருவமழையின் மேகம் வேறு மலையை மூடியிருக்கும். மழை ஓய்ந்து, பனி பெய்து, ஆகாயம் கழுவித் துடைத்தாற்போல் தெளிந்திருக்கும் தை மாதமே உரிய காலம். தைப்பூசத்துக்குக் காவடியோடு நடந்து வருகிறவர்களுக்கு முழு நிலவு வழிகாட்டுகிறது. நட்சத்திரம் பார்க்க வருகிறவர்கள் தை அமாவாசையை ஒட்டிய இரவுகளைத் தேர்ந்துகொள்ளட்டும். இரவு ஏழரை மணி சுமாருக்குக் கூட்டம் உச்சிக்கு அருகில் இருக்கும்.

கொடைக்கானல் நகரத்து விளக்குகளை விட்டு அகன்று பூம்பாறைக்குப் போவது உத்தமம். வெள்ளைப்பூண்டு விளையும் படிக்கட்டு வயல்களுக்கு நடுவே அமைந்த அந்தக் கிராமத்தில் முருகன் குழந்தை வேலப்பராக எழுந்தருளியிருக்கிறான். சித்தர் போகர் பிரதிஷ்டை செய்த மூர்த்தி என்பது ஊர் வழக்கு. மடியில் வைத்துப் பாலூட்டிய பருவத்திலேயே பிள்ளை நிற்கும் ஊரிலிருந்து தாய்மாரைப் பார்ப்பதில் ஒரு தனி நிறைவு இருக்கிறது. கம்பளியும் குல்லாயும் அவசியம். கைப்பேசியை அணைத்துப் பைக்குள் போட்டுவிடுங்கள்; இருளுக்குப் பழகக் கண்ணுக்கு அரை மணி நேரமாகும், ஒரே ஒரு வெளிச்சக் கீற்று அந்த அரை மணியையும் பாழாக்கிவிடும்.

முதலில் ஓரியன் என்னும் வேடனின் இடைக்கச்சையாக வரிசையில் நிற்கும் மூன்று நட்சத்திரங்களைக் கண்டுபிடியுங்கள். அந்த வரிசையை வடமேற்காக நீட்டினால் செம்மை கலந்த ரோகிணி. அதே போக்கில் இன்னும் சற்றுத் தூரம் சென்றால், சிறு அகப்பை ஒன்றைக் கவிழ்த்து வைத்தாற்போல் நெருங்கிக் கிடக்கும் கூட்டம். இங்கேதான் அவசரம் கூடாது. நேரே உற்றுப் பார்க்கிறவனுக்குப் பிரகாசமான சில மட்டுமே தெரியும். பார்வையைக் கொஞ்சம் விலக்கி, பக்கத்து இருளைப் பார்ப்பதுபோல் பாவனை செய்யுங்கள். மங்கிய ஒளியை உணரும் நரம்பணுக்கள் விழித்திரையின் நடுவை விட்டு ஓரங்களில் மிகுந்திருப்பதால், அதுவரை தெரியாதிருந்த மங்கலானவையும் ஒவ்வொன்றாகத் தோன்றும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தொடங்கினால், ஆறு வந்ததும் கண் தயங்குகிறது. நம்மவர்கள் அறுமீன் என்றது வெறும் கதைக்காக அன்று, கண் கண்ட கணக்கு அது. கிரேக்கர் சகோதரிகள் எழுவர் என்றார்கள். ஏழாவதாகக் கருதக்கூடிய பிளையோனி, தன்னைவிடப் பிரகாசமான அட்லஸுக்கு வெகு அருகில் இருப்பதாலும் ஒளி கூடிக் குறைவதாலும், மிகக் கூர்மையான கண்ணுக்கே அகப்படும்.

பிறகு பைனாகுலரை எடுங்கள். பெரிய தொலைநோக்கி வேண்டாம் என்பது என் திடமான அபிப்பிராயம். கூட்டம் பரந்து கிடப்பதால் அது ஒரு துண்டைத்தான் காட்டும், குடும்பத்தைக் காட்டாது. ஏழு மடங்கு பெரிதாக்கும் சாதாரணக் கருவியில், ஆறு தாய்மாரின் இடைவெளிகளில் பொடி நட்சத்திரங்கள் நீலம் தோய்ந்த வெண்மையோடு நிறைந்திருப்பது தெரியும். கலிலியோ தம் குழாயில் பார்த்து 1610இல் வெளியிட்ட படத்தில் 36 நட்சத்திரங்களைக் குறித்தார். இன்று தெரிந்தவை ஆயிரத்துக்கு மேல்.

இனி சாஸ்திரம் சொல்வதையும் கேட்டுக்கொண்டு மறுபடி அண்ணாந்து பாருங்கள். அந்தக் கூட்டம் சுமார் 440 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. இன்று பூம்பாறையில் நம் கண்ணில் விழும் ஒளி, மதுரையை நாயக்கர் ஆண்ட காலத்தில் புறப்பட்டது. கூட்டத்தின் வயது ஏறக்குறைய 10 கோடி ஆண்டு என்கிறார்கள். நம் காலின் கீழே இருக்கும் சார்னோக்கைட் பாறையின் வயது குறைந்தபட்சம் 50 கோடி ஆண்டு! மேலே மின்னுகிறவர்கள் நாம் நிற்கும் மலையைவிட மிக இளையவர்கள். பூமிக்கு வயது சுமார் 450 கோடி ஆண்டு. அவ்வளவு காலத்தில் மனிதன் வந்தது கடைசிச் சில லட்சம் ஆண்டுகளில்தான். கொதித்து எரிந்து விரைவில் தீர்ந்துபோகும் அந்த நீல நட்சத்திரங்களைச் சுற்றி வான்கலம் ஏறி வரத்தக்க ஒரு நாகரிகம் தோன்றி முதிர்வதற்கு அவகாசமே இல்லை. கூட்டமும் நிலையானதன்று, இன்னும் சில பத்துக் கோடி ஆண்டுகளில், சுற்றிலும் உள்ளவற்றின் ஈர்ப்பினால் அது கலைந்து, தாய்மார்கள் வெவ்வேறு திக்குகளில் பிரிந்து போவார்கள்.

இதை அறிந்த பின் புராணம் பொய்த்துவிட்டது என்று வருந்துகிறவர்களும், ரிஷிகள் ஞான திருஷ்டியால் இதையெல்லாம் முன்பே கண்டு மறைபொருளாக எழுதி வைத்தார்கள் என்று சாதிக்கிறவர்களும் ஒருங்கே நஷ்டமடைகிறார்கள். புராணம் அந்தக் கூட்டத்தின் வயதைச் சொல்ல வந்ததன்று. பெறாத பிள்ளையையும் வளர்த்தவள் தாய்தான் என்று சொல்ல வந்தது. சாஸ்திரமும் தாய்மையைப் பற்றிப் பேச வரவில்லை. சூரியனை ஆராய்வதற்காக 1899இல் கொடைக்கானலில் நிறுவிய ஆய்வுக்கூடத்தில், ஒளியைப் பிரித்துப் படித்து, சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை எவர்ஷெட் என்னும் விஞ்ஞானி 1909இல் கண்டார். நட்சத்திரங்களின் வெப்பத்தையும் இயக்கத்தையும் கணிப்பதற்கு அதே வித்தைதான் துணை. புராணத்தையும் சாஸ்திரத்தையும் கலக்காமல், ஒன்றன் பின் ஒன்றாக மனத்தில் இருத்திப் பார்ப்பதே முழு ரசனை.

மாசி மாதத்தில் இன்னொரு காட்சி உண்டு. மகாபாரதக் கதையின்படி இந்த அறுவரும் ஏழு ரிஷிகளின் பத்தினிகளில் அருந்ததி நீங்கலானவர்கள். வீண் பழிக்கு ஆளாகிக் கணவர்களைப் பிரிந்தவர்கள். இரவு ஒன்பதரைக்கு மேல் வடகிழக்கு அடிவானத்தில் சப்தரிஷி மண்டலம் எழும்போது, மேற்கே கார்த்திகை இறங்கிக்கொண்டிருக்கும். இரு தரப்பையும் ஒரே இரவில், வானத்தின் இரு கோடிகளில் காணலாம். அவர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியை அந்தத் தூரம் சொல்வதுபோல் வேறு எதுவும் சொல்வதில்லை.

மலையில் விடுதி வைத்திருப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: இரவில் வானத்தை நோக்கி எரியும் அலங்கார விளக்குகளை அணைத்துவிடுங்கள். வாசகர்களுக்குச் சொல்வது இதுதான்: மே மாத நடுவில் கார்த்திகை சூரியனோடு சேர்ந்து மறைந்துவிடும், ஆனி மாத விடியலில்தான் கிழக்கே தெளிவாகத் தென்படும், ஆகையால் மாசி முடிவதற்குள், வீட்டுக் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு மலையேறுங்கள்.