கழற்றக் கழற்றத் தோன்றும் அழகு

பேராக்கின் பீடோர் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்தவர்களிடம் பழைய சைக்கிள் என்று சொன்னால், இருபத்தெட்டு அங்குலச் சக்கரமும், கம்பிப் பிரேக்கும், பால் வாளி கட்டுவதற்கேற்ற கேரியருமாக லயத்து வாசலில் சாய்ந்து நின்ற கறுப்பு ராலேதான் அவர்கள் மனத்தில் எழும். அந்த ஜாதி வண்டியின்மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால், அதன் ஹாண்டில்பாரைத் தலைகீழாகத் திருப்பிவிட்டுப் பந்தய வண்டி என்று பெயரிடுவோரை மன்னிக்க என்னால் ஆவதில்லை. பாரம் சுமக்கப் பிறந்ததைப் பாரமே சுமக்க விடுவதுதான் நியாயம். அந்த ராலே பிறந்த அதே இங்கிலாந்தில், காலத்தை மட்டுமே எதிரியாகக் கொண்டு ஓடுவதற்கென்று வேறொரு ஜாதி சைக்கிள் பிறந்தது. டைம் டிரையல் சைக்கிள் என்ற அதுதான் ரஸிகனின் விஷயம்.

சாலையில் கூட்டமாகப் பந்தயம் விடுவது பொதுமக்களுக்கு உபத்திரவம் என்று அந்நாட்டுச் சைக்கிள் சங்கமே அதை விலக்கிவைத்திருந்த காலத்தில், பிட்லேக் என்பவர் 1895இல் ஓர் உபாயம் கண்டார்: ஓட்டிகள் ஒருவர்பின் ஒருவராக, இடைவெளி விட்டுப் புறப்படுவது; முடிவில் கடிகாரத்தைக் கொண்டு வெற்றியை நிர்ணயிப்பது. போலீசாரின் பார்வை படாதிருக்கக் கறுப்பு உடை உடுத்தி விடியலில் கிளம்புவது அவர்களுடைய வழக்கமாயிற்று. பால்மரம் வெட்டுகிறவர்கள் எழுகிற அதே வேளைதான்!

இந்தச் சம்பிரதாயத்திலிருந்துதான் அந்த வண்டியின் பிரத்யேக லக்ஷணம் உண்டாயிற்று. பந்தயக்காரர்களில் பெரும்பாலோர் காரில்லாத தொழிலாளிகள் ஆகையால், வேலைக்குப் போகும் அதே சைக்கிளில், பந்தயத்துக்குரிய லேசான சக்கரங்கள் இரண்டையும் முன்சக்கரத்தின் இருபுறமும் தாங்கிகளில் பொருத்திக்கொண்டு பந்தயம் நடக்குமிடத்துக்கு மிதித்துச் சென்று, மட்கார்டு, விளக்கு, பை எல்லாவற்றையும் ஓரமாகக் கழற்றி வைத்து, சக்கரத்தை மாற்றி ஓடிவிட்டு, மறுபடியும் யாவற்றையும் பூட்டிக்கொண்டு வீடு திரும்பினார்கள். கழற்றுவதும் பூட்டுவதுமான இந்தச் சாமர்த்தியத்தில்தான் அதன் சௌந்தர்யம் முழுவதும் அடங்கியிருக்கிறது. டைம் டிரையல் போட்டியில் நூறு மைலை நான்கு மணிக்குள் கடந்தவர் யாருமில்லை என்றிருந்த நிலையை 1956இல் மாற்றி, 3 மணி 58 நிமிஷம் 28 விநாடியில் முடித்த ரே பூட்டியின் வண்டியும் கால் நிறுத்தினால் சக்கரமும் நிற்கும் ஃபிக்ஸட் வீல் வகைதான்.

இன்று அத்தகையதொன்றைக் கட்ட விரும்புகிறவர் முதலில் தேட வேண்டியது சட்டம். 1935இல் வந்த ரெனால்ட்ஸ் 531 குழாய், பற்றவைக்கும் முனைகளில் தடித்தும் நடுவில் மெலிந்தும் இழுக்கப்பட்டது. விரலால் சுண்டிக் கேட்டால் அது பதில் சொல்லும். 27 அங்குலச் சக்கரத்துக்கென்று கட்டிய சட்டத்தில் பந்தய ரிம்மைப் போட்டால் விளிம்பு நான்கு மில்லிமீட்டர் தாழ்ந்துவிடுமாதலால், கை நீளமான பிரேக்கைத் தேடிப் பொருத்த வேண்டும். பிரேக்குக்காகச் சட்டத்தைத் துளைப்பது பாதகம். முன்சக்கரத்துக்கு 32, பின்சக்கரத்துக்கு 40 என்ற பழைய ஆங்கிலக் கம்பிக் கணக்கைக் கைவிடாதவர்களிடம் எனக்குத் தனி அபிமானம். மூலவர்ணம் உதிர்ந்திருந்தாலும் அதை மெழுகிட்டுக் காப்பதே உத்தமம். பேராக்கின் மழைக்கு உள்ளிருந்து துரு ஏறாதபடி குழாய்களின் உட்புறத்தில் எண்ணெய் ஊற்றிச் சுழற்றிவிடுவதும் அவசியம்.

டயர் விஷயத்தில் நம்மவருக்கு ஒரு பாத்தியதை உண்டு. பந்தய டயருக்குள் தைத்து வைக்கும் ட்யூப், பால்மரத்துப் பாலிலிருந்து ஆன லேடெக்ஸ். செயற்கை ரப்பர் போலக் காற்றைப் பிடித்து வைக்காது. தினமும் பம்பு அடித்தாக வேண்டும். ஆயினும் சாலையின் கரடுமுரடை அது உள்வாங்கிக்கொள்ளும் மென்மையை அனுபவித்தவர் வேறொன்றை நாடமாட்டார்.

கியரில் மட்டும் ஆசைக்கு இடம் கொடுக்கக் கூடாது. தாப்பா பக்கம் ஏறி இறங்கும் பழைய பெருஞ்சாலைக்கு முன்னே 48 பல்லும் பின்னே 18 பல்லும் வைத்தால் 72 அங்குலக் கியர் கிடைக்கும். பருவத் தொடக்கப் பந்தயங்களில் இதற்கு மேல் ஆகாது என்று ஆங்கிலக் கழகங்கள் விதித்து வைத்திருந்த அளவும் இதுவேயாகையால், முழங்காலைப் பற்றி அவர்களுக்கும் யோசனை இருந்திருக்கிறது.