காட்டின் விலையும் காட்டு மக்களின் உரிமையும்

காடென்றால் மரம், மரமென்றால் பலகை, பலகையென்றால் பணம்: வெப்பமண்டலக் காடுகளை நெடுங்காலமாக ஆண்டுவந்த கணக்கு இதுவே. 1989ஆம் ஆண்டில் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளிவந்த சிறு கட்டுரையொன்று இக்கணக்கைப் பொய்யாக்கிற்று. சாள்ஸ் பீற்றர்ஸ், அல்வின் ஜென்றி, றொபேட் மெண்டெல்சன் ஆகிய மூவரும் பெரு நாட்டின் இக்கிற்றோஸ் நகருக்கு அண்மையிலுள்ள மிஷானா கிராமத்தில் ஒரு ஹெக்டேயர் காட்டை மரம் மரமாக எண்ணினர். 842 மரங்கள், 275 இனங்கள், அவற்றுள் 72 இனங்கள் சந்தையில் விலைபோகும் பொருள்களைத் தருவன. ஆண்டுதோறும் பழமும் இறப்பர்ப் பாலும் எடுத்து, மரத்தையும் அளவோடு வெட்டினால், வருங்கால வருமானத்தையும் சேர்த்து அக்காட்டின் பெறுமதி 6,820 டொலர். ஒரே முறையில் வெட்டி விற்றாலோ 1,000 டொலரே.

மரவியாபாரிகளின் வாதத்தை அவர்களுடைய தராசிலேயே நிறுத்துத் தோற்கடித்த பெருமை இவ்வாய்வுக்குண்டு. ஆயினும் அத்தராசு யாருடையது என்று அது கேட்கவில்லை.

ஆய்வாளர் கணக்கிட்டது காடு தரக்கூடியதை. மக்கள் உண்மையில் எடுத்து விற்றதையன்று. எல்லாக் கிராமங்களும் பழக்கூடைகளோடு ஒரே சந்தைக்கு வந்தால் விலை என்னாகும்? சந்தையின் பசி காட்டைக் காக்கும் என்பதும் உறுதியன்று. இக்கிற்றோஸ் மக்கள் விரும்பியுண்ணும் அகுவாஹே என்னும் பனைவகையின் பழத்துக்காக, காய்க்கும் பெண்மரங்களையே வெட்டிவீழ்த்தும் வழக்கம் அப்பகுதியில் உண்டு.

இதனினும் பெரிய பாடத்தை அந்நாட்டின் வரலாறே புகட்டுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமேசன் காட்டு இறப்பருக்கு உலகச் சந்தையில் பெருவிலை இருந்தது. அவ்விலை காட்டு மக்களை வாழ்வித்ததா? புட்டுமாயோ ஆற்றுப் பகுதியில் ஆதிக்குடிகள் சவுக்கடிக்கும் கொலைக்கும் அஞ்சி இறப்பர் சேர்த்தனர். 1910இல் நேரிற் சென்று விசாரித்த றோஜர் கேஸ்மன்றின் அறிக்கை 1912இல் வெளியாகி அக்கொடுமையை உலகறியச் செய்தது. காடு விலை பெற்றது. அதன் மக்கள் அடிமைகளாயினர்.

பெறுமதிக் கணக்கே வேண்டாமென்று நாம் வாதிடவில்லை. காட்டை அழிப்போரை எதிர்க்க அது நல்லதோர் ஆயுதம். ஆனால் நிலத்தில் உரிமையும், விலையை நிர்ணயிப்பதிற் குரலும் இல்லாத மக்களுக்குக் காட்டின் விலையுயர்வு புதிய எசமானர்களையே அழைத்துவரும். ஒரு ஹெக்டேயர் எத்தனை டொலர் என்று கணக்கிடுவோர், அந்த டொலர் யார் கையிற் சேருகிறது என்றும் கேட்கவேண்டும். முதற் கேள்விக்கு விடை தேடிய அறிஞர்களை வாழ்த்துவோம். இரண்டாவதை நாம் ஓயாது கேட்போம்.