கடிக்கத் தெரிந்த கொசுதான் வேணும்

பாலசமுத்திரத்தில் எங்க தெருவில் தண்ணீர் பிடித்து வைக்காத வீடு கிடையாது. சிமெண்ட் தொட்டி, நீல டிரம், மூடி தொலைந்த குடம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டிக்கு இதைவிட என்ன வேணும்? அதனால் 2022இல் புதுச்சேரி நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் வோல்பாக்கியா கொசுக்களை உருவாக்கிவிட்டதாகச் செய்தி வந்தபோது கொஞ்சம் சுயநலத்தோடுதான் படித்தேன். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்திலிருந்து முட்டைகளை வாங்கி, உள்ளூர்க் கொசுவோடு கலப்பு செய்து வளர்த்த இனங்கள் அவை. வோல்பாக்கியா ஒரு பாக்டீரியா. அது உடம்பில் இருந்தால் டெங்கு வைரஸ் சரியாகப் பெருகாது.

செய்திகளில் எல்லாம் 'நல்ல கொசு' என்றே எழுதினார்கள். படித்தவர்கள் பலரும் அது கடிக்காது என்று நினைத்துக்கொண்டார்கள். தப்பு அங்கேதான். மகாராஷ்டிராவின் ஜால்னாவில் ஆக்சிடெக் கூண்டுக்குள் சோதித்தது ஆண் கொசுக்களை விடும் முறைக்காக. ஆண் கடிக்காது. புதுச்சேரிக் கொசு அப்படியில்லை. வோல்பாக்கியா தாயிடமிருந்து முட்டை வழியாகத்தான் இறங்கும், முட்டை வைக்கப் பெண்ணுக்கு ரத்தம் வேணும். ஆகவே நம்மைத் தேடிக் கண்டுபிடித்து, உள்ளூர்க்காரி அளவுக்காவது நன்றாகக் கடித்தால்தான் திட்டமே நிற்கும்.

இது வெறும் தியரி இல்லை. டபிள்யூமெல்பாப் என்ற வகையை ஏற்றிய கொசுக்களுக்கு வயது ஏற ஏற ஊசிவாய் வளைந்து, குத்த முயன்று முயன்று தோற்றன. 2009இல் வந்த ஆய்வு இது. மனித வாடையை நோக்கிப் பறப்பதில் குறையில்லை என்று 2014இல் இன்னொரு ஆய்வு வந்தது. அதாவது வீட்டைக் கண்டுபிடிக்கும், சோறுதான் சாப்பிட முடியாது! அதே வகையை வியட்நாமின் திரி நுயென் தீவிலும் ஆஸ்திரேலியாவிலும் விட்டுப் பார்த்தார்கள். விடுவதை நிறுத்தியதும் மெல்ல மறைந்துபோனது. முட்டை பொரிவது, ஆயுள் என்று வேறு பலவீனங்களும் அதற்கு இருந்தன.

எனக்குச் சந்தேகம் சோதிக்கும் முறை மேல். வழக்கமான சோதனையில் ஒய் வடிவக் கண்ணாடிக் குழாய். ஒரு கிளையில் மனிதக் கை வாடை, மறு கிளையில் வெறும் காற்று. பசித்த கொசு எந்தப் பக்கம் போகும்? ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் 2013இல் ஓர்கோ என்ற மணமறியும் மரபணுவை முடக்கிய கொசுக்களைப் பார்த்தார்கள். கரியமில வாயு கூட இருந்தால் அவை மனிதனை நோக்கி ஒழுங்காக வந்தன. அத்தோடு விட்டிருந்தால் பாஸ் மார்க். பக்கத்தில் கினிப்பன்றியை வைத்தபோதுதான் மனிதன் மேல் இருந்த பலமான விருப்பம் போய்விட்டது தெரிந்தது. எங்க ஊரில் பக்கத்தில் மாடு, ஆடு, கோழி, போதாததுக்கு மின்விசிறிக் காற்றும் கொசுவத்திப் புகையும். வெறும் காற்றோடு போட்டி வைத்து ஜெயித்த கொசுவை நான் எப்படி நம்புறது?

குழாய்ச் சோதனையே வேண்டாம் என்று சொல்லவில்லை. அது முதல் சல்லடை. ரியோ டி ஜெனிரோவின் துபியாகங்காவில் முதல் முயற்சி தோற்றதற்குக் காரணம் வேறொன்று: உள்ளூர்க் கொசு பைரெத்ராய்டு மருந்துக்குப் பழகியிருந்தது, விட்ட கொசு பழகவில்லை. கலப்பு செய்து திரும்ப விட்டபோது நிலைத்தது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் டெங்கு 77 சதவீதம் குறைந்ததாக 2021இல் முடிவு வந்தது. முறை வேலை செய்யும். அந்தந்த ஊரில் செய்யுமா என்பதுதான் கேள்வி.

ஊர்க்காரர்களிடம் சொல்லியாகணும் என்பது இன்னொன்று. 1970களில் உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் டெல்லியில் நடத்திய மரபுவழிக் கொசுக் கட்டுப்பாட்டுப் பிரிவு, சோனிபட்டில் ஏடிஸ் விடத் தயாரான நேரத்தில் உயிரியல் ஆயுதச் சந்தேகம் கிளம்பி 1975இல் மூடப்பட்டது. 'கடிக்காத நல்ல கொசு' என்று நம்பியவர் கையில் முதல் தடிப்பு விழுந்தால் அதே வேகத்தில் வதந்தி கிளம்பும். கடிக்கும், ஆனால் டெங்கு தருவது குறையும் என்று முதலிலேயே தமிழில் சொல்லிவிடலாமே. போட்டி வைத்துச் சோதிக்க இடம் வேணும்னா எங்க மாட்டுக்கொட்டகை காலியாத்தான் இருக்கு, மாட்டையும் சேர்த்தே தர்றேன்.